வல்தவா: ஆறு மறையும் இடம்

செக் இசைவாணர் பெட்ரிச் ஸ்மெத்தனாவின் ‘வல்தவா’ (1874) ஓர் ஆற்றைப் பல்லிய இசையால் வரைந்து காட்டிய படைப்பாகவே பெரிதும் அறிமுகப்படுத்தப்படுகிறது. புல்லாங்குழல்கள் ஊற்று, ஹார்ன்கள் காட்டு வேட்டை, பொல்கா நடனம் உழவர் திருமணம் எனப் பட்டியலிடுவது வழக்கம். படைப்பாளரே எழுதிய குறிப்பு இவ்வாசிப்புக்கு அரணாக நிற்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பட்டியலோடு நின்றுவிடும் செவி இதன் நுட்பத்தைத் தவறவிடுகிறது என்பதே நம் கருத்து.

தொடக்கத்தில் புல்லாங்குழல் இழைக்கும் விரைவான சுரக்கோவையை நோக்குவோம். கிளாரினெட்டும் பின்னர் நரம்புக்கருவிகளும் அதனை ஏற்கின்றன. வயலினும் ஓபோவும் புகழ்பெற்ற மெட்டை இசைக்கும்போதும், வேட்டை முழக்கம் எழும்போதும், அடியில் அவ்வோட்டம் அறுவதில்லை. திருமணக் காட்சியில்தான் அது நிற்கிறது. தாளமும் மாறி, நீரொலி மறைந்து, மனிதர் ஒலி மட்டுமே எஞ்சுகிறது. ஆற்றோடு மிதந்து வந்த நாம் கரையேறிவிட்டோம். ஆடல் தேய்ந்து ஓய்ந்தபின், நிலவொளியில் நீரர மகளிர் தோன்றும் பகுதியில் குழல்கள் அலைவை மீட்கின்றன. ஒலியடக்கிய வயலின்கள் அதன்மேல் நீண்ட சுரங்களைப் படரவிடுகின்றன. படைப்பின் உச்சம் இவ்விடமே. பலரும் வியக்கும் புனித யோவான் விரைநீர்ப் பகுதி நமக்குச் சற்றே ஆரவாரமாகத் தோன்றுகிறது. (அவ்விரைநீர் இருபதாம் நூற்றாண்டில் அணைநீரில் மூழ்கிவிட்டது, இன்று அது இசையில் மட்டுமே பாய்கிறது.)

1874 அக்டோபரில் செவிப்புலனை முற்றாக இழந்தவர், நவம்பர் 20 முதல் டிசம்பர் 8 வரையிலான நாள்களில் இதனை எழுதி முடித்தார். இச்செய்தியைக் கொண்டு இவ்விசையில் துயரம் தேடுவோர் உளர். அத்துயரை அவர் 1876-இல் இயற்றிய ‘என் வாழ்விலிருந்து’ எனும் நரம்பிசைப் படைப்பில் வெளிப்படையாகவே வைத்தார். இங்கே தேடுதல் வேண்டா.

‘மண்ணின் இசை’ என்னும் புகழுரையையும் ஆராயவேண்டும். முதன்மை மெட்டு ‘லா மாந்தோவானா’ எனும் பழைய இத்தாலிய மெட்டோடு நெருங்கிய ஒப்புமை உடையது. ஸ்மெத்தனாவோ ஜெர்மன் மொழியில் கல்வி பெற்று, செக் மொழியை முதிர்ந்த வயதில் முறையாகப் பயின்றவர். இதனால் படைப்பின் செக் தன்மை குறைந்துவிடுவதில்லை. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதனினும் அது எங்கே கொண்டு சேர்க்கப்படுகிறது என்பதே முக்கியமாகும். இறுதியில் அதே மெட்டு, நம் இசை வழக்கில் கூறுவதாயின், சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு உயர்ந்து பிராகாவை அடைகிறது. உடனே விஷெஹ்ராட் கோட்டையின் இசைக்கரு ஓங்கி ஒலிக்கிறது.

இக்கரு ‘என் தாய்நாடு’ எனும் ஆறு படைப்புகளின் தொகுதியில் முதலாவதாகிய ‘விஷெஹ்ராட்’டின் தொடக்கத்தில் ஹார்ப் இசைப்பது. ‘வல்தவா’வை மட்டும் தனியே நிகழ்த்தும் வழக்கத்தில், கேட்போர்க்கு இது வெறும் வெற்றி முழக்கமாகிவிடுகிறது. வகுப்பில் இதனை ஒலிக்கச் செய்யும் ஆசிரியர்கள் அம்முதற்பகுதியின் சில மணித்துளிகளையேனும் முன்னதாகக் கேட்பித்தல் நன்று. அதன்பின், ஆறு மெல்லத் தேய்ந்து மறைய, இரண்டே பெருமுழக்கங்கள் அதனை மூடுவதை மாணவர் வேறு செவியோடு கேட்பர்.