கதை தெரிந்த கூட்டம்

மும்பை தாராவிப் பையன்கள் மேடையேறி ராப் பாடினால், முடிந்ததும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, "இது நம்ம வில்லுப்பாட்டோட தொடர்ச்சி" என்று சொல்லிவிடுகிறார். பா. ரஞ்சித்தின் ‘காலா’வில் (2018) தாராவியின் டோப்பேடெலிக்ஸ் குழு சந்தோஷ் நாராயணன் இசையில் தமிழில் பாடிய பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. உறவு கொண்டாடுவதில் தப்பில்லை. எந்த வழியில் உறவு என்று கேட்டால்தான் சிக்கல். தாளம், கோபம், உழைக்கும் சனம் என்று பதில் வருகிறது. உலகத்துப் பாட்டில் பாதிக்கு இது பொருந்தும்.

படித்தவர்கள் வேறொரு பதில் வைத்திருக்கிறார்கள். வாய்மொழிக் கவிதை பாடும்போதே பிறப்பது, ராப்பின் ஃப்ரீஸ்டைலும் அப்படித்தான், ஆகவே சொந்தம். ஆய்வாளர்கள் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் கண்டு சொன்ன கோட்பாடு இதற்கு அடிப்படை. க. கைலாசபதி 1968-இல் அதைச் சங்கப் பாடல்களோடு பொருத்திப் பார்த்தார். ஆனால் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரிப் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரர்களோடு இருந்து ஆராய்ந்தபோது படம் மாறியது. அவர்கள் ஏட்டையும் நோட்டையும் நம்பியவர்கள். தெய்வம் பிறக்கிற, சாகிற இடங்களில் வரிகள் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. எனவே உடனடிப் புனைவை வைத்து மட்டும் ராப்பை வில்லோடு முடிச்சுப் போட முடியாது.

வில்லுக்கும் இன்றைய மேடைக்கும் உள்ள வித்தியாசம் எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. கோயில் கொடையைப் பாருங்கள். மணி கட்டிய வில் குடத்தின் கழுத்தில் சாய்ந்திருக்கிறது. தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்டுகிறார். உடுக்கை, தாளம், பின்பாட்டு எல்லாம் கூட வருகின்றன. சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ, கேட்கிற அத்தனை பேருக்கும் முன்னமே தெரியும். அருள் வரவேண்டிய கட்டம் நெருங்கும்போது அண்ணாவியின் கண் சாமியாடி மேல்தான். ஆள் இன்னும் அசையவில்லையா, அதே இடத்தைத் திருப்பிப் பாடுவார். உடம்பு நடுங்கத் தொடங்கியதா, வேகத்தைக் கூட்டுவார். வரியில் பெரிய மாற்றமில்லை, நீளத்தைத் தீர்மானிப்பது எதிரே நிற்பவர். ஒரு சம்பவத்தை விழுங்கிவிட்டுப் போனால் கூட்டம் சும்மா இருக்காது.

இதற்கு நேரெதிர் ஸ்லாம் கவிதை. 1980-களின் நடுவில் சிகாகோவில் மார்க் ஸ்மித் தொடங்கிவைத்த வடிவம் அது: மூன்று நிமிடம், கூட்டத்திலிருந்தே நடுவர்கள், மதிப்பெண். மும்பையில் கொம்யூன், அன்இரேஸ் பொயட்ரி போன்ற மேடைகள் போட்டியை விட்டுவிட்டாலும் அந்தச் சாயலை இந்தியிலும் ஆங்கிலத்திலும் பரப்பின. இங்கே கேட்பவருக்குக் கதை தெரியாது. முதல் தடவையிலேயே தைக்க வேண்டும். அதனால் எல்லாக் கவிதையும் சொந்தக் காயத்தில் தொடங்கி, குரல் தழுதழுத்து, ஒரு நிறுத்தம் விட்டு, கடைசி வரியில் அடிக்கிறது. பத்துப் பேரைக் கேட்டபின் பதினோராவது ஆள் எங்கே மூச்சு வாங்குவார் என்று நாமே சொல்லிவிடலாம். யூடியூபுக்காகக் கேமரா ஓடும்போது அந்த மூச்சும் ஒத்திகை பார்த்ததாகிவிடுகிறது.

ஆனாலும் அந்த மேடையை நான் மட்டம் தட்டமாட்டேன். மும்பையின் மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துப் பொங்கல் விழாக் கவியரங்கங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: தலைவர் பாட்டால் அழைப்பார், கவிஞர் பாட்டால் வணங்குவார், கைத்தட்டல் வரும் வரை ஒரே வரியை இரண்டு, மூன்று தடவை வாசிப்பார். இருபது வயதுப் பெண் தன் உடம்பைப் பற்றி, யாரையும் வணங்காமல் பேச அங்கே இடமில்லை. ஸ்லாம் மேடையில் இருக்கிறது. வில்லும் ஒன்றும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. எந்தச் சாதியின் கொடை, யார் வீசுகோலைத் தொடலாம் என்பதெல்லாம் முன்பே முடிவானவை. பழையதைப் பாராட்டும்போது இதை மறைப்பது நேர்மையல்ல.

தாராவியில் விஷயம் இன்னும் சுவாரசியமானது. அங்கே தமிழர்களில் நிறையப் பேர் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள். பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. செவன் பண்டாய்ஸ் போன்ற ராப் குழு இந்தி, மராத்தி, தமிழ் என்று தாவித் தாவிப் பாடுவது அந்தச் சந்துகளின் இயல்பான பேச்சு. வட்டமாக நின்று, ஒருவர் வாயால் பீட் போட, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கும் சைஃபரில் கேட்பவரே அடுத்த பாட்டுக்காரர். கதையும் எல்லோருக்கும் தெரிந்தது. தாராவி மறுசீரமைப்பில் வீட்டு உரிமைக்காக, 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது, மாடியில் இருப்பவன் கதி என்ன என்பதை ஒருவன் தப்பாகப் பாடினால், பக்கத்தில் நிற்பவன் திருத்திவிடுவான். கொடைக்கு மிக அருகில் வருவது இந்த வட்டம்தான். படம்பிடித்து வெளியே வரும் பாட்டில் திருத்த ஆளில்லை.

தாராவி ராப்புக்கு வில்லைவிடப் பக்கத்தில் இருக்கும் உறவு ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம்: ஷாஹிரி என்னும் மராத்தி மக்கள் பாட்டு. அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக் முதலியோர் 1944-இல் லால் பாவ்டா கலாபதக் என்ற கலைக்குழுவைத் தொடங்கி மில் தொழிலாளர் நடுவே பாடினார்கள். 1997-இல் காட்கோபர் ரமாபாய் நகர் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்ட விலாஸ் கோக்ரேயும் அந்த வழி வந்தவர். ஒரு ஷாஹிரின் பாட்டை இன்னொருவர் பாடுவார், அதில் யாருக்கும் கூச்சமில்லை.

ராப்பில் அது அவமானம். அடுத்தவன் வரியைப் பாடினால் "பைட்டிங்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஆசான் தந்ததை அப்படியே சீடன் பாடுவதுதான் வில்லுக்குப் பெருமை, இங்கே சொந்தமாக எழுதாதவன் பாடகனே இல்லை. சொந்தமானதும் பெயரும் பணமும் ஒட்டிக்கொள்கின்றன. ‘என்ஜாய் எஞ்சாமி’ (2021) பாட்டு ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையைத் தொட்டது. அடுத்த ஆண்டே அதன் உருவாக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்று அதில் பங்கெடுத்தவர்களே பொதுவெளியில் வாதாடினார்கள். அறிவு கேட்டது நியாயம்தான். உழைப்பை விட்டுக்கொடு என்று ஒடுக்கப்பட்டவனிடம் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் தெருவில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ராப் பாட்டில் வேகமாக ஓடும் வரிகளைச் சந்துப் பிள்ளைகள் தொடுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டு, இந்திச் சொல்லைத் தமிழாக்கி, டீச்சர் பெயரை உள்ளே செருகி, கிரிக்கெட்டுக்கு நடுவே கத்துகிறார்கள். விமர்சகர்கள் எழுதுவதெல்லாம் அந்த வேக வரிகளைப் பற்றி.