முதல் ஆண்டு அசிஸ்ட் எதை அளக்கிறது?

என்.பி.ஏ. கூடைப்பந்தில் புதிதாக வந்த பாயிண்ட் கார்டு (பந்தை நடத்திச் செல்பவர்) ஒருவர் நாலைந்து ஆட்டங்களில் பத்துக்கு மேல் அசிஸ்ட் (கூடையில் விழும் எறிதலுக்கு வழிசெய்யும் பாஸ்) கொடுத்தால் போதும், ஆஸ்கர் ராபர்ட்சன், மேஜிக் ஜான்சன் பெயர்களுக்குக் கீழே அவர் பெயரும் அட்டவணையில் ஏறிவிடும். பயிற்சியாளர் அவருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார் என்பதைத்தான் அந்த அட்டவணை பெரும்பாலும் அளக்கிறது என்பது என் முதல் புகார்.

மார்க் ஜாக்சனை எடுத்துக்கொள்வோம். 1987-88இல் நியூயார்க் நிக்ஸுக்காக ஆட்டத்துக்கு 10.6 வீதம் 868 அசிஸ்ட். முதல் ஆண்டு ஆட்டக்காரருக்கு அதுவே சாதனை. மூன்று ஆண்டுகளுக்கு முன் யூட்டா ஜாஸில் சேர்ந்த ஜான் ஸ்டாக்டனின் முதல் ஆண்டுச் சராசரியோ 5.1தான். ஆனால் ஜாக்சன் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆடினார். ரிக்கி கிரீனுக்கு மாற்றாக இறங்கிய ஸ்டாக்டனுக்குக் கிடைத்தது 18 நிமிடம். 36 நிமிடத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் ஜாக்சனுக்கு 9.6, ஸ்டாக்டனுக்கு 10. அந்த மாற்று ஆட்டக்காரர்தான் பிற்பாடு 15,806 அசிஸ்ட்டோடு எல்லோரையும் முந்தினார். மாற்று ஆட்டக்காரர் பெரும்பாலும் எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்களையே சந்திக்கிறார் என்பதால் இந்த 36 நிமிடக் கணக்கும் முழுக்க நியாயமானதில்லை. என்றாலும் வெறும் சராசரியை விட மேல்.

காலத்தைச் சரிக்கட்டுவது இன்னும் சிக்கல். 1960-61இல் ராபர்ட்சன் முதல் ஆண்டிலேயே 9.7 அசிஸ்ட் எடுத்தார். அன்று ஓர் அணி ஆட்டத்துக்கு 109 முறை கூடையை நோக்கி எறிந்தது. 2013-14இல் 83 முறைதான். ஆகவே அவர் எண்ணை வெட்டிக் குறைக்க வேண்டும் என்பார்கள். அவசரப்பட வேண்டாம். அன்று எறிந்தவற்றில் விழுந்தது குறைவு, அசிஸ்ட் எழுதியவர்களும் கறார்க்காரர்கள். ஓர் அணியின் சராசரி அசிஸ்ட் அன்று 24, 2013-14இல் 22. அவ்வளவுதான் வித்தியாசம்.

மேஜிக்கின் முதல் ஆண்டு 7.3 வேறு கதை. அந்த லேக்கர்ஸ் அணியில் பந்தை நடத்த நார்ம் நிக்சனும் இருந்தார். நிக்சனின் கணக்கு 7.8.

அப்படியானால் இந்த ஒப்பீடு வீணா? அப்படியும் சொல்ல மாட்டேன். முதல் ஆண்டிலேயே ஏழு, எட்டைத் தாண்டியவர்களைப் பாருங்கள்: டிம் ஹார்டவே 8.7, ஜான் வால் 8.3, கிறிஸ் பால் 7.8, ஜேசன் கிட் 7.7. யாரும் தற்செயலாக வந்தவர்கள் இல்லை. உயர்ந்த எண்ணில் கொஞ்சம் சேதி உண்டு. தாழ்ந்த எண்ணில் எதுவுமில்லை: இருமுறை எம்.வி.பி. விருது வாங்கிய ஸ்டீவ் நாஷின் முதல் ஆண்டு 2.1.

உயர்ந்த எண்ணும் ஏமாற்றும் என்பதற்கு மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் சாட்சி. 2013-14இல் 16.7 புள்ளி, 6.2 ரீபவுண்டு, 6.3 அசிஸ்ட், சிறந்த புதுமுகம் விருதும் கிடைத்தது. உடனே ராபர்ட்சன், மேஜிக் வரிசையில் வைத்தார்கள். அவருடைய ஃபிலடெல்ஃபியா அணி லீக்கிலேயே மிக வேகமாக ஆடியது, தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றது, மொத்தம் 19 ஆட்டங்களில்தான் வென்றது. வேகம் கூடினால் எல்லா எண்ணும் ஊதும். அடுத்த சீசன் முடியுமுன்பே அவரை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அசிஸ்ட் என்பது பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது. எவ்வளவு அருமையாகப் பந்தைக் கொடுத்தாலும் வாங்கியவர் தவறவிட்டால் கணக்கில் பூஜ்யம். அந்தப் பாஸ்களையும் எண்ணும் கேமராக்கள் எல்லா அரங்குகளுக்கும் வந்தது 2013-14இல்தான். டர்ன்ஓவரையே 1977-78 முதல்தான் பதிகிறார்கள். ராபர்ட்சன் தன் முதல் ஆண்டில் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார் என்பதற்கு ஏடே கிடையாது. பாதிக் கணக்கை முழுக் கணக்கோடு வைத்துத் தீர்ப்புச் சொல்வதை ஏற்க முடியவில்லை.

இனி இப்படி ஓர் அட்டவணை கண்ணில் பட்டால் ஆடிய நிமிடமும் டர்ன்ஓவரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.