திணைமயக்கமும் நிலமும்: ஆடலரங்கின் இசைத்தட்டுக் கலை பற்றி ஒரு நோக்கு

பிறர் இயற்றிப் பிறர் வாசித்துப் பிறர் பதிவுசெய்த இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் ஒருவரைக் கலைஞர் எனக் கொள்ளலாமா? மேலைநாட்டு ஆடலரங்குகளில் டி. ஜே. என வழங்கப்படுபவர் குறித்து இவ்வினா அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகின்றது. இல்லாததை உண்டாக்குதலே படைப்பு, உள்ளதை ஒழுங்குபடுத்துதல் படைப்பன்று என்னும் எண்ணம் இவ்வினாவின் பின்னே மறைந்து நிற்கின்றது.

தமிழிலக்கியம் பயின்றோர் இவ்வெண்ணத்தை அத்துணை எளிதில் ஏற்றல் இயலாது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். இவ்வொழுங்கு பாடிய புலவர் எவருடையதுமன்று, தொகுத்தவருடையது. நூலை வரிசையாகப் படிப்போனுக்குக் குறிஞ்சியின் கூடலை இருபுறமும் பாலையின் பிரிவு நெருக்கி நிற்கின்றது. அவ்வனுபவத்தைத் தனிப்பாடல் எதுவும் தந்துவிட முடியாது. அடுக்கும் முறையும் பொருள் தரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயின் டி. ஜே. தொகுப்பாசிரியர் மட்டுமல்லர். தொகைநூலில் ஒரு பாடல் முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். ஆடலரங்கிலோ ஒன்று முடியுமுன் மற்றொன்று புகுகின்றது. சில கணங்கள், சிலவேளை சில நிமிடங்கள், இரண்டும் ஒருங்கே ஒலிக்கின்றன. அங்கே எழும் இசை முதலாவது தட்டிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. இந்நிலையைக் குறிக்க நம் இலக்கணம் தரும் சொல் ‘மயக்கம்’. கலத்தல் என்பது அதன் பொருள். திணைகள் தம்முள் மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. ஆனால் நிலங்கள் ஒருங்கு மயங்குதலை அவர் உடன்படவில்லை. ஒழுக்கங்கள் கலக்கலாம், அவை எழுந்த மண் இன்னதெனத் தெரியாவண்ணம் குழம்பிவிடலாகாது என இதனை நாம் விரித்துக்கொள்ளலாம். எல்லாம் எம்மிடம் அன்றே இருந்தன என்று பழம்பெருமை பேசுவதற்காக இதனை இங்குக் கூறவில்லை. புதிய கலையொன்றை அளக்க இவ்வேறுபாடு பயன்படுமா என்று பார்ப்பதே நோக்கம்.

முதலில் கலத்தலின் செய்முறையை நோக்குவோம். ஆடலிசை வகைகளைப் பிரித்தறியும் முதல் அடையாளம் அவற்றின் வேகம். ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகள் வரை செல்லும். டெக்னோ அதனிலும் விரைவாகச் செல்வதுண்டு. ட்ரம் அன்ட் பேஸ் 170-ஐ ஒட்டி ஓடும். 1979-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே. 2 என்னும் சுழல்மேசையில் வேகத்தை நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டவோ குறைக்கவோ வல்ல நெம்பு அமைந்திருந்தது. 125 அடிகளில் செல்லும் ஹவுஸ் தட்டை நான்கு வீதம் விரைவுபடுத்தி, 135-இல் செல்லும் டெக்னோத் தட்டை ஏறத்தாழ அதே அளவு தளர்த்தினால் இரண்டும் 130-இல் சந்திக்கும். ஆனால் வேகம் மாறினால் சுருதியும் மாறும். ஏறத்தாழ ஆறு வீத மாற்றம் ஓர் அரைச்சுரம். ஆகவே தாளத்தால் ஒன்றுபட்ட இரு தட்டுகள் சுருதியால் ஒன்றையொன்று மறுத்து நிற்றல் கூடும். எதனைப் பொருத்துவது, எதனைப் பொருந்தாமல் விடுவது என்னும் தெரிவு இங்கே பிறக்கின்றது. ஒரு தட்டின் தாழ்ந்த ஒலிகளை அடக்கி மற்றதன் தாழ்ந்த ஒலிகளுக்கு இடம்விடுதல், மெல்லிசையைத் தாளம் மட்டுமுள்ள பகுதியின்மேல் படியவிடுதல் என்பன அத்தெரிவின் கருவிகள்.

இக்கைத்திறன் எச்சூழலில் உருவாயிற்று? 1977-இல் நியூயோர்க்கிலிருந்து சிக்காகோவுக்கு வந்த பிராங்கி நக்கிள்ஸ், ‘வெயர்ஹவுஸ்’ என்னும் அரங்கில் பிலடெல்பியாவின் கறுப்பின இசை, டிஸ்கோ, ஐரோப்பிய மின்னிசை ஆகியவற்றை ஒரே இரவில் இணைத்தார். அங்குக் கூடியோரிற் பெரும்பாலோர் நிறத்தாலும் பாலீர்ப்பாலும் இருமுறை ஒதுக்கப்பட்ட கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞர். ஹவுஸ் என்னும் பெயர் அவ்வரங்கின் பெயரின் குறுக்கமென்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அதே நகரில் 1979 யூலை 12-ஆந் திகதி, ‘கொமிஸ்கி பார்க்’ விளையாட்டரங்கில், பேஸ்போல் ஆட்டங்கள் இரண்டின் இடைவேளையில் டிஸ்கோ இசைத்தட்டுகள் குவிக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அன்று அங்குப் பணியாளராக நின்ற வின்ஸ் லோறன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், கொண்டுவரப்பட்டவற்றுள் டிஸ்கோ அல்லாத கறுப்பினத்தவர் இசைத்தட்டுகளும் இருந்ததைக் கண்டதாகப் பின்னாளிற் கூறியுள்ளார். 1984-இல் வெளிவந்த ‘ஒன் அன்ட் ஒன்’ என்னும் ஆரம்பகால ஹவுஸ் இசைத்தட்டின் ஆக்கத்திற் பங்குகொண்டவரும் அவரே. வேறுபாடு காணாது எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி எரித்தலும் ஒருவகை மயக்கம்தான். வெயர்ஹவுஸில் நிகழ்ந்ததோ வேறுபாடுகளை அறிந்து, அவற்றுக்கிடையே வழி அமைத்தல். ஒரே நகரில், ஒரே காலத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

சிக்காகோவை அடுத்து டெற்றோயிற். மோட்டார்த் தொழிலால் வளர்ந்து அதன் சரிவால் வாடிய நகரம் அது. 1950-இல் பதினெட்டரை இலட்சமாயிருந்த அதன் குடித்தொகை 2020-இல் 6,39,111 ஆகக் குறைந்தது. இந்நகரை அடுத்து வளர்ந்த கறுப்பின இளைஞரான ஹுவான் அட்கின்ஸ், டெறிக் மே, கெவின் சோன்டர்சன் ஆகியோர் 1980-களில் உருவாக்கியதே டெக்னோ. இரு நகரங்களின் இசையும் தொடக்கம்முதலே கொண்டு கொடுத்து வளர்ந்தன. வணிக வெற்றி காணாத றோலண்ட் டி. ஆர்.-909 என்னும் தாளப் பொறியொன்றை டெறிக் மே சிக்காகோவுக்குக் கொண்டுசென்று நக்கிள்ஸுக்கு விற்றமை இவ்வுறவின் கண்கூடான சான்று. எனவே ‘தூய’ ஹவுஸ், ‘தூய’ டெக்னோ என்று காவல் காப்போரின் வாதம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. கலப்பு இவ்வகைகளுக்குப் பின்னர் நேர்ந்த கேடன்று. இவற்றின் பிறப்பே கலப்பில்தான்.

இப்பின்னணியில் ஒரு பதிவை எடுத்து நோக்குவோம். டெற்றோயிற்றைச் சேர்ந்த ஜெப் மில்ஸ் 1995-இல் டோக்கியோவின் ‘லிக்விட் றூம்’ அரங்கில் நிகழ்த்தி, மறு ஆண்டு வெளிவந்த தொகுப்பு அது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அப்பதிவில் முப்பதுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் மூன்று சுழல்மேசைகளில் வந்து போகின்றன. ஒன்றுக்குக் கிடைப்பது சராசரி இரண்டு நிமிடம். கூட்டத்தின் ஆரவாரமும் அரங்கின் இரைச்சலும் துடைத்து நீக்கப்படவில்லை.

இத்தொகுப்பில் மில்ஸின் சொந்த ஆக்கங்களான கடுமையான டெக்னோவுக்கு அருகே சிக்காகோவின் டி. ஜே. பங்க் ஆக்கிய ‘வேர்க் தற் பொடி’ இடம்பெறுகின்றது. அது சேரி இளைஞரின் கொண்டாட்டத்துக்கென எழுந்த, ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பக் கூறும் எளிய ஹவுஸ். டெக்னோவை அறிவார்ந்த இசையாகவும் இதனை இழிந்த கூத்தாகவும் தரம்பிரிக்கும் வழக்கம் இரசிகரிடையே உண்டு. மில்ஸ் அத்தரப்பிரிப்பைச் சொல்லால் மறுக்கவில்லை. இரண்டும் ஒரே தாளப் பொறியின் குரலையே பேசுகின்றன என்பதைச் செவிக்கு நேரே காட்டுகின்றார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து சேர்ஜன் ஆக்கிய ‘மக்னீஸ்’ ஒலிக்கும்போது, மோட்டார்த் தொழிலை அறிந்த இன்னொரு நகரின் இரும்போசை டெற்றோயிற்றின் ஓசைக்குள் புகுகின்றது. திணைகள் மயங்குகின்றன, ஆனால் எது எவ்விடத்துக் குரல் என்பது மறைவதில்லை.

இதன் உச்சமெனக் கருதத்தக்கது டெறிக் மேயின் 1987-ஆம் ஆண்டு ஆக்கமாகிய ‘ஸ்ரிங்ஸ் ஒவ் லைப்’ வருமிடம். பேஸ் வரியே இல்லாமையாற் புகழ்பெற்ற இசை அது. பியானோவும் நரம்பிசைச் சாயலும் அந்தரத்தில் மிதப்பன போல ஒலிக்கும். எட்டாண்டு பழையதான அத்தட்டை அதனிலும் வன்மையான புதிய தாளங்களின் நடுவே வைக்கும்போது அது நினைவுப்பொருளாக ஒலிக்கவில்லை. புதியவற்றின் மூலத்தைக் கேட்போருக்கு உணர்த்துகின்றது. வரலாறு இங்கே அடிக்குறிப்பாக அன்றி அனுபவமாக வருகின்றது எனலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. வேகத்தின்மீது மில்ஸுக்குள்ள மோகம் சில ஆக்கங்களுக்கு மூச்சுவிட இடம் தரவில்லை. ஓர் இசை தன்னை நிலைநாட்டுமுன் அடுத்தது அதனைத் தள்ளிவிடும் இடங்களில் உரையாடல் நெரிசலாகிவிடுகின்றது. கைவிரைவு கண்டு வியக்கும் கூட்டத்துக்குக் கலைஞர் கொடுத்த விலை இதுவென எமக்குத் தோன்றுகின்றது.

அதன்பின் தொழினுட்பம் பெரிதும் மாறியுள்ளது. இன்று கணினி இரு இசைகளின் வேகத்தைத் தானே அளந்து பொத்தான் ஒன்றின் அழுத்தத்தில் பொருத்திவிடும். வேகத்தை மாற்றினும் சுருதி மாறாமல் காக்கும். எச்சுருதிக்கு எது இயையும் என்று எண் இட்டுக் காட்டும். இதனாற் கலை அழிந்தது எனப் புலம்புவோர் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. பொருத்துதலின் உழைப்பையே கலையென மயங்கியோருக்குத்தான் இது இழப்பு. எவையும் எவற்றோடும் பொருந்தும் என்றான பின்னர், ‘இவ்விரண்டும் ஏன்?’ என்னும் வினா ஒன்றே எஞ்சுகின்றது. முன்னர்த் தொழினுட்ப அருமையின் பின்னே ஒளிந்துகொள்ள முடிந்தது, இப்போது முடியாது.

ஆனால் சந்தை இவ்வினாவை விரும்புவதில்லை. ஒவ்வோர் ஆக்கத்தின் உச்சக் கணத்தையும் வெட்டியெடுத்து அடுக்கி, எல்லா வகைகளையும் ஒரே சுவையுடைய பண்டமாக்கித் தருவது அதற்கு வசதியானது. ஒலி எஞ்சுகின்றது, ஒலித்தவர் மறைகின்றனர். அங்கே மயங்குவது திணையன்று, நிலம்.

இது வெறும் அழகியல் வினாவன்று. 2024-இல் பேர்லினின் டெக்னோப் பண்பாடு ஜேர்மனியின் தொட்டுணரா மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அது பொருந்தாத செயலென்று கூறவியலாது. மதில் வீழ்ந்தபின் 1991-இல் அங்குத் திறக்கப்பட்ட ‘ட்ரெசோர்’ அரங்கு, மில்ஸ் உள்ளிட்ட டெற்றோயிற் கலைஞருக்கு மேடையும் வெளியீட்டு வாய்ப்பும் அளித்தது. இரு நகரங்களும் மெய்யாகவே உறவு கொண்டிருந்தன. எனினும், பேர்லின் என்றவுடன் டெக்னோ நினைவுக்கு வருமளவுக்கு டெற்றோயிற் என்றவுடன் நினைவுக்கு வருகின்றதா? பெயரும் மதிப்பும் வருவாயும் எங்கே குவிகின்றன என்பதைத் தீர்மானிப்பவற்றுள் நினைவும் ஒன்று. கலப்பவர் எதனை மறக்கின்றாரோ அதனைக் கேட்பவரும் மறக்கின்றார்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: ஆடவந்தவருக்கு வரலாற்றுப் பாடம் எதற்கு? நியாயமான மறுப்பே. இன்னின்ன நகரத்தது என விலாசம் எழுதி ஒட்டிய இசை கலையாகாது. சமுதாயப் பின்னணியை மட்டும் எடுத்துரைத்து ஓசையைக் கேளாத விமர்சனமும் விமர்சனமாகாது. எம்மவரிடையே அக்குறை இல்லாமலில்லை. நாம் வேண்டுவது பாடமன்று. இரு இசைகள் சந்திக்கும் அக்கணத்தில் இரண்டும் தத்தம் குரலோடு நிற்றல் வேண்டும். ஒன்று மற்றதைக் கேட்பதுபோல் தோன்றல் வேண்டும். ஆடுவோர் அதன் காரணத்தை அறியாதிருக்கலாம். கலப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். நல்ல தொகுப்பையும் வெறும் அடுக்கையும் வேறுபடுத்துவது அவ்வறிவே. அதனைத் தேடிக் காட்டுதல் விமர்சகரின் பணி.