ஆம்பூர்க் கண்ணுக்கு ஆஃபன்பாக்

பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து எஸ்-பான் ரயிலில் ஏறி நகரைத் தாண்டினால் ஆஃபன்பாக் வரும். அங்கே ஒரு நிலையத்தின் பெயரே 'லேடர்மியூசியம்', அதாவது தோல் அருங்காட்சியகம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. இங்கு நடக்கும் தோல்பொருள் கண்காட்சிக்கு சாம்பிள் பெட்டியோடு வருகிறவர்கள் உண்டு. ஆர்டர் பேசி முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாமல், அரைநாள் ஒதுக்கி அந்த நிலையத்தில் இறங்க வேண்டும்.

பிராங்க்ஃபர்ட்டின் ஆற்றங்கரையில் ஓவியத்துக்கும் சினிமாவுக்கும் கட்டடக்கலைக்கும் பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. கூட்டமெல்லாம் அங்கேதான். எனக்கோ ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஊறிக் கிடக்கும் இடங்கள்தான் பிடிக்கும். ஆஃபன்பாக்கில் தொழிற்கலைப் பள்ளிகளை நடத்திவந்த கட்டடக் கலைஞர் ஹூகோ எபர்ஹார்ட், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் இந்தத் தோல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தோல்வேலை கற்கும் பிள்ளைகள் பார்த்துப் பழக நல்ல முன்மாதிரிகள் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

இங்கே ஒரு ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூ இருக்கிறது. 1985இல் ஹெஸ்ஸன் மாநிலத்தின் சுற்றுச்சூழல் அமைச்சராகப் பசுமைக் கட்சியின் யோஷ்கா ஃபிஷர் பதவியேற்றபோது போட்டிருந்தவை. கோட்டும் டையுமாக இருந்த சட்டமன்றத்தில் அந்த வெள்ளை ஷூ ஜெர்மனி முழுக்கப் பேச்சானது. மற்றவர்களுக்கு அது அரசியல் சரித்திரம். ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர் கண் வேறு எங்கோ போகும்: மேல்பாகம் அடியோடு சேரும் கோடு நேராக ஓடுகிறதா, தையல் அடர்த்தி ஒரே சீராக இருக்கிறதா, விரல்கள் மடங்கும் இடத்தில் சுருக்கம் எப்படி விழுந்திருக்கிறது. அந்தச் சுருக்கம் பொய் சொல்லாது. கட்டான தோலில் அது மயிரிழைபோல மெல்லியதாக, நெருக்கமாக விழும். வயிற்றுப் பக்கத் தொளதொளத்த தோலில் தடித்துப் புடைக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாது என்பதுதான் தோல்காரருக்கு அங்கே பெரிய தண்டனை. நம் டேனரிகளில் தரம் பிரிக்கிறவர் ஒரு தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஓரத்தை மடித்துப் பார்த்து, எந்த அடுக்குக்கு என்று வீசிவிடுவார். கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் முதுகெலும்பு ஓடிய தடிப்பு, கழுத்துச் சுருக்கம், உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கிழித்து ஆறிய தழும்பு எல்லாவற்றையும் படித்து முடித்திருப்பார். தொட முடியாத இடத்தில் மயிர்க்கால்களைப் பார்க்கலாம். ஆட்டுத்தோலில் பெரிய துளைகள் சிறு வரிசைகளாக நிற்கும், இடையிடையே பொடித்துளைகள். மாட்டுத்தோலில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் பரவிக் கிடக்கும். எருமைக்குப் பெரிதாகவும் கலைந்தும் இருக்கும். செம்மறிக்குக் கொத்துக் கொத்தாக. விவரச்சீட்டில் செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கலாம். எந்த விலங்கின் தோல் என்பது இந்தத் துளைகளில்தான் எழுதியிருக்கிறது.

இந்தக் கண்ணோடு லண்டனின் பழைய நூலகங்கள் பக்கம் போனால் நம் ஊர்த் தோலே எதிரில் வரும். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோல், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமாகி, நிறம் தெளியக் கடுக்காய்த் தண்ணீரில் முங்கி, எண்ணெய் பூசிக் காய்ந்து மடியும். வெளிர் மஞ்சள், எடை இல்லாத மென்மை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பெயரை ஒட்டி இதற்கு 'ஈ.ஐ.' (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று பெயர். இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. சென்னைத் துறைமுகம் வழியே லண்டனுக்குப் போய், ஏலத்தில் விலைபோய், புத்தகங்களுக்கும் அட்டையானது.

அப்புறம் நடந்தது அவ்வளவு அழகில்லை. அட்டைகள் சிவந்து, தொட்டால் கையில் பொடியாக ஒட்டத் தொடங்கின. லண்டனில் ஒரு கலைச் சங்கம் குழு அமைத்து ஆராய்ந்து, 1901இல் அறிக்கை தந்தது. விளக்கு வாயுவும் நிலக்கரிப் புகையும் கலந்த காற்றின் கந்தகம் ஒரு காரணம். தோலைப் பதப்படுத்திய பட்டை இன்னொரு காரணம். பட்டையிலும் காயிலும் இருந்து தோலைப் பதப்படுத்தும் சத்தான டானின்களை இரண்டு குடும்பமாகப் பிரித்து, ஒன்று புத்தகத்துக்கு ஆகாது என்றார்கள். ஆகாத பட்டியலில் நம் ஆவாரை இருந்தது.

எனக்கு இதில் கோபம் வரவில்லை. புகை படிந்த லண்டன் அலமாரியில் நூறாண்டு நிற்கவேண்டும் என்று யாரும் ஆவாரையிடம் சொல்லி அனுப்பவில்லை. இதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுக்குச் செய்ததுதான் கனமான கணக்கு. அது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. ஆனால் அந்த லண்டன் அறிக்கையில் ஒரு நுணுக்கம் உண்டு. நீடித்து உழைக்கும் குடும்பத்தில் அவர்கள் சேர்த்த சரக்குகளில் கடுக்காயும் ஒன்று. ஆவாரைத் தொட்டிக்கு அடுத்து, நிறத்துக்காக மட்டும் நம்மவர் தோலை முக்கி எடுத்தார்களே, அதே கடுக்காய்.