தாய்க்குலம் என்றொரு பார்வையாளர்

ஒரு படம் ஓடவில்லை என்றால் தமிழ்த் திரையுலகம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு: சாதாரண ரசிகனுக்குப் புரியவில்லை, பெண்கள் வரவில்லை. ஓடிவிட்டாலோ, ‘தாய்க்குலத்தின் பேராதரவு பெற்ற படம்’ என்ற வரி விளம்பரத்தில் ஏறிவிடும். ஆண் என்றால் ரசிகன். பெண் என்றால் தாய்க்குலம். மணமாகாதவளும், தாயாக விரும்பாதவளும், தாயோடு பேச்சை முறித்துக்கொண்டவளும் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தாலும் தாய்க்குலமாகவே எண்ணப்படுகிறார்கள். இந்தச் சொல் ஒரு படத்தின் தலையெழுத்தில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை 1978 தீபாவளியை வைத்துப் பார்க்கலாம்.

அந்தத் தீபாவளியையொட்டிக் கமல்ஹாசன் நடித்த இரண்டு படங்கள் வெளிவந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ பெரும் வெற்றி பெற்று, 1980இல் ‘ரெட் ரோஸ்’ என்று இந்திக்கும் போனது. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’, ரஜினிகாந்தும் ஸ்ரீபிரியாவும் உடன் நடித்தும், வெளியானபோது ஓடவில்லை. நட்சத்திரம், இசை, பண்டிகை ஆகிய காரணங்கள் இரண்டுக்கும் பொது. முன்னது வண்ணம், பின்னது கறுப்பு வெள்ளை என்று சிலர் சொல்லக்கூடும். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1974இல், பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யும் கறுப்பு வெள்ளைதான். அதன் நாயகியும் வேலைக்குப் போகிறவள், நாக்கில் தீ வைத்திருப்பவள். அந்தப் படம் ஓடியது.

சுஜாதா நடித்த அந்தக் கவிதாவையும் ஸ்ரீபிரியா நடித்த மஞ்சுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கவிதா யாரை எப்படி ஏசினாலும் அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டின் உலை கொதிக்கிறது. காதலித்தவன் விதவைத் தங்கைக்குக் கணவனாகிறான். பிறகு வரும் மணவாழ்வையும் குடும்பத்துக்காகவே கைவிட்டு அவள் மீண்டும் வேலைக்குப் புறப்படுகிறாள். அவளுடைய கோபத்துக்கு விலை கட்டப்பட்டுவிட்டது. தாய்மை என்ற சொல்லுக்குள் அவளை அடக்கிவிடலாம். பெறாத தாய் என்று அழலாம்.

மஞ்சுவின் கோபத்தால் எந்த வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. அவள் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் தாயின் மீறலைப் பார்த்து வளர்ந்து, அந்தத் தாயை மன்னிக்காதவள். காதலித்தவன் பெற்றோர் முன்னால் அவளைத் தங்கை என்று அறிமுகப்படுத்திவிட்டுப் போன காயம் வேறு. அவளை எந்தக் குடும்பக் கணக்கிலும் வரவு வைக்க வழியில்லை. ‘தாய்க்குலம்’ என்று அழைக்கப்பட்டு அரங்கில் அமர்ந்திருக்கும் ஒருத்தி, மாமியாருக்கும் கணவனுக்கும் நடுவில் இருந்துகொண்டு மஞ்சுவுக்காகக் கைதட்டினால், வீடு திரும்பிய பிறகு அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கவிதாவுக்காக அழுதால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

‘சிகப்பு ரோஜாக்க’ளுக்கும் ‘அவள் அப்படித்தா’னுக்கும் இன்னொரு பொருத்தம் உண்டு. இரண்டிலும் கதைக்குள்ளேயே ஒரு கேமரா இருக்கிறது. ‘சிகப்பு ரோஜாக்க’ளில் கமல் நடித்த திலீப் பெண்களைக் கொல்கிறான், கொலைகள் படம் பிடிக்கப்பட்டு, வளர்ப்புத் தந்தை அவற்றைப் பார்த்து மகிழ்கிறார். புதைத்த இடத்தில் ரோஜா பூக்கிறது. கொலைகாரனுக்கு இளமையில் பெண்களால் நேர்ந்த கொடுமை காரணமாகச் சொல்லப்படுகிறது. கடைசியில் மனம் சிதைந்து சிறையில் கிடக்கும் அவனுக்காக மனைவி காத்திருக்கிறாள். இறந்தவர்களுக்காகக் காத்திருக்க அந்தப் படத்தில் யாரும் இல்லை. ‘அவள் அப்படித்தா’னில் அதே கமல், அருண் என்ற ஆவணப்பட இயக்குநராகக் கேமராவுடன் பெண்களிடம் போய் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறான். ஒரு கேமரா பெண் சாவதைப் பதிவு செய்தது. மற்றது பெண் பேசுவதைப் பதிவு செய்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது முதலாவதைத்தான். அச்சத்தை எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கலாம். கேள்வியை அப்படி முடியாது.

இதைச் சொல்லும்போது ருத்ரய்யாவின் படத்தைக் குறையே இல்லாததாக்கிவிடக் கூடாது. மஞ்சுவுக்கு அதில் ஒரு தோழிகூடக் கிடையாது. அவளைப் புரிந்துகொள்ள முயல்பவனும் ஆண், சீண்டுபவனும் ஆண். முடிவில் அருண் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வருகிறான். பெண் விடுதலை பற்றி மஞ்சு கேட்க, அந்தப் பெண்ணுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மஞ்சு தெருவில் தனியே நிற்க, கார் போய்விடுகிறது. பேசுகிறவளுக்குத் தெரு, பேசாதவளுக்குக் கார் என்று படமே பிரித்துக் கொடுக்கிறது. இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு நிமிட உரையாடலுக்குக்கூட இடமில்லை. பார்க்க வந்த மணமான பெண்ணுக்குக் காரில் இருப்பவளின் முகம்தான் கொடுக்கப்பட்டது. தன்னை அறியாதவளாகக் காட்டிய படத்தை அவள் ஏன் தோளில் சுமக்க வேண்டும்?

ஆகவே சாதாரணப் பார்வையாளருக்கு ரசனை போதாது என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் எதைப் பார்த்தாள் என்பதோடு, யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், யார் காசில் பார்த்தாள், வெளியே வந்து யாரிடம் என்ன சொல்ல முடிந்தது என்பதும் வசூலில் சேர்ந்திருக்கிறது. இன்று மஞ்சுவைக் கைப்பேசியில், காதில் இயர்போன் செருகிக்கொண்டு, தனியாகப் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது, அவ்வளவுதான். ‘குடும்பத்தோடு பார்க்கலாமா’ என்று கேட்டே இன்றும் கதைகளைத் தேர்வு செய்கிறவர்கள், அந்தக் குடும்பத்தில் யாருடைய விருப்பம் இதுவரை எண்ணப்படவே இல்லை என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.