ஆணிக்குக் கணக்கு உண்டு, மரத்துக்கு?

லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி' நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஓநாய்கள் வீட்டைச் சுற்றி உட்காரும் இரவைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கூரை போடுகிற இடம். அப்பா மேலே உட்கார்ந்து பலகை அடிக்கிறார். ஆணிகள் அவருடையவை இல்லை, கொஞ்ச தூரத்தில் குடியிருக்கும் எட்வர்ட்ஸிடம் கடன் வாங்கியவை. வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கிறார். ஒன்று தெறித்துப் புல்லில் விழுந்தால் குழந்தைகள் தேடி எடுத்துத் தரணும். வளைந்துபோனால் தட்டி நிமிர்த்தி மறுபடி அடிப்பார். டவுனுக்குப் போய் வந்ததும் எல்லா ஆணியையும் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்கிறார். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இன்னொருவரிடம் கடன்பட்டிருப்பது அவருக்குப் பிடிக்காது.

முதல் தடவை படித்தபோது 'என்ன மனுஷன்யா!' என்றுதான் தோன்றியது. அண்மையில் திரும்பப் படித்தபோது அதே பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஆணிக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர், அந்த ஆணி இறங்குகிற மரத்துக்கு யாரிடம் கணக்குச் சொன்னார்?

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1935இல் வெளிவந்த நாவல். விஸ்கான்சின் காட்டில் இருந்த வீட்டை விட்டுவிட்டு, அப்பா சார்ல்ஸ், அம்மா கரோலின், பெண் குழந்தைகள் எல்லாரும் மூடுவண்டியில் கான்சாஸ் புல்வெளிக்குப் போகிறார்கள். ஆள் அரவமில்லாத ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ஓடைக்கரையில் மரம் வெட்டி இழுத்துவந்து வீடு கட்டுகிறார்கள். ஒரு வருஷம் போல வாழ்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

வீடு கட்டுகிற பகுதியை லாரா எழுதியிருக்கும் விதத்துக்கு ஈடு சொல்வது கஷ்டம். கட்டையின் இரண்டு முனையிலும் காடி வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக உட்காரவைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். சுவர் உயர உயர, சாய்த்துவைத்த கழிகள் மேல் கட்டையை உருட்டி ஏற்றணும். அப்படி ஏற்றும்போது ஒரு கட்டை நழுவி அம்மாவின் காலில் விழுகிறது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அதற்குப் பிறகுதான் எட்வர்ட்ஸ் உதவிக்கு வருகிறார். நீ எனக்கு ஒருநாள், நான் உனக்கு ஒருநாள் என்று மாற்று வேலை. கதவை இரும்பு ஆணியே இல்லாமல் மரமுளை அடித்துச் செய்கிறார்கள். வெளியிலிருந்து திறக்க ஒரு தாழ்ப்பாள் கயிறு. கட்டைகளை இரண்டாகப் பிளந்து, மட்டமான பக்கம் மேலே இருக்கும்படி பரப்பினால் தரை. படித்து முடித்ததும், ஒரு கோடாலி கொடுத்தால் நாமே கட்டிவிடலாம்போல இருக்கும்.

அதுதான் சிக்கலும். எழுத்து கைவேலையில் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால், 'தன் கையால் கட்டியது' என்பது 'தன்னுடையது' என்று நமக்குத் தெரியாமலே மனசுக்குள் மாறிவிடுகிறது.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. இங்கல்ஸ் குடும்பம் 1869இல் போய் இறங்கிய இடம் கான்சாஸின் தென்கோடியில், இண்டிபெண்டன்ஸ் ஊருக்குப் பக்கத்தில். நாவல் நாற்பது மைல் என்கிறது. உண்மையில் சுமார் 13 மைல்தான். அது ஒசேஜ் பழங்குடி மக்களின் நிலம். 1865 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியைக் கொடுத்த பிறகு அவர்கள் கையில் மிச்சமிருந்த ஒதுக்கீட்டு நிலம். யாரும் போய் உழுது குடியிருந்தால் பட்டா கிடைக்கும் என்ற 1862ஆம் வருட ஹோம்ஸ்டெட் சட்டம் இங்கே செல்லாது. 1870 குடிக்கணக்கெடுப்பில் இந்தக் குடும்பத்தின் பெயர்கள் இருக்கின்றன. நிலம் ஒசேஜ்களுடையது, குடியேறிகளுக்கு உரிமை கிடையாது என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. ஆக, அரசாங்கத்துக்கும் தெரிந்த விஷயம்தான்.

புல்வெளியில் மரம் என்றால் என்ன என்பதையும் யோசிக்கணும். காட்டில் நூறு மரம் போனால் கண்ணுக்குத் தெரியாது. இங்கே மரம் ஓடைக்கரைகளில் மட்டும்தான். விறகும் வீட்டுச் சாமானும் அதிலிருந்தே வரணும். ஒசேஜ்களுக்கான அரசு முகவராக இருந்த ஐசக் கிப்சன் தன் அறிக்கைகளில் இதைத்தான் புலம்புகிறார்: குடியேறிகள் இவர்களுடைய சோள வயல்களைப் பிடித்துக்கொண்டார்கள், இவர்கள் நிலத்திலேயே இவர்களை விறகு வெட்ட விடமாட்டேன் என்கிறார்கள்.

இனி நாவலின் தொடக்கத்துக்குப் போங்கள். அப்பா ஏன் விஸ்கான்சினை விட்டுக் கிளம்புகிறார்? அங்கே ஆட்கள் பெருகிவிட்டார்கள். தன்னுடையது அல்லாத ஒரு கோடாலிச் சத்தம் காட்டுக்குள் அடிக்கடி கேட்கிறது. அது அவருக்குத் தாங்கவில்லை. கான்சாஸ் ஓடைக்கரையில் அவர் முதல் மரத்தை வெட்டியபோது அந்தச் சத்தம் யார் காதில் விழுந்தது என்று நாவல் கேட்பதில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்துக் கணக்கு மட்டும் கவனமாக எழுதப்படுகிறது. இரண்டு ஒசேஜ் ஆண்கள் வீட்டுக்குள் வந்து, அம்மா சுட்டுத்தந்த சோளரொட்டியைத் தின்றுவிட்டு, அப்பாவின் புகையிலையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைப் படிக்கையில் நமக்கே மூச்சு அடைக்கிறது. கொஞ்ச நாள் கழித்து அப்பா குழந்தைகளைக் காலியாகிவிட்ட ஒசேஜ் முகாமுக்குக் கூட்டிப்போகிறார். அவர்கள் மண்ணில் கிடந்த பாசிமணிகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். இது சந்தோஷமான நாளாக எழுதப்பட்டிருக்கிறது. புகையிலை போனால் பயம், மணி வந்தால் விளையாட்டு.

'ஒரு குழந்தையின் கண்ணில் தெரிவதைத்தானே எழுதியிருக்கிறார்' என்பீர்கள். பாதி சரி. ஆனால் கான்சாஸில் லாராவுக்கு மூன்று வயதுகூட நிறைந்திருக்கவில்லை. கிளம்பும்போது நான்கு. புத்தகம் வந்தபோது அவருக்கு 68. அப்பா அம்மா சொன்ன கதைகளிலிருந்து, மகள் ரோஸ் வைல்டர் லேனின் திருத்தங்களோடு உருவானது இது. இந்தக் குழந்தைக் கண் பெரியவர்கள் யோசித்துச் செய்த கண். நியாயமாக இன்னொன்றையும் சொல்லணும். அந்தக் கண்ணுக்குள்ளேயே ஒரு கேள்வி தப்பிப் பிழைத்திருக்கிறது. இந்தியர்களைப் பிடிக்காது என்றால் நாம் ஏன் அவர்கள் ஊருக்கு வந்தோம் என்று லாரா அம்மாவைக் கேட்கிறாள். அவர்கள் இங்கிருந்து போகவேண்டியிருந்தால் கோபம் வராதா என்று அப்பாவையும் கேட்கிறாள். இனிமேல் கேள்வி கேட்காதே, தூங்கு என்பதுதான் பதில். பதில் இல்லை என்று லாராவுக்குத் தெரிந்திருக்கிறது. அதை எழுதியும் விட்டார். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுச் சுவர் வரைக்கும் வரவில்லை.

இந்தப் புத்தகம் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் சொற்களைப் பற்றியவை. முதல் பதிப்பில், அந்த நிலத்தில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டும்தான் என்கிற பொருளில் ஒரு வரி இருந்தது. ஒரு வாசகரின் கடிதத்துக்குப் பிறகு, 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' ஆனது. 2018இல் அமெரிக்க நூலகர் அமைப்பு தன் சிறுவர் இலக்கிய விருதிலிருந்து வைல்டரின் பெயரை எடுத்தது. இரண்டிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கெட்ட வரியைக் குழந்தையேகூட கண்டுபிடித்துவிடும். கூரை போடுகிற பக்கத்தில் ஒரு கெட்ட சொல்கூடக் கிடையாது. நம்மை முழுசாக ஏமாற்றுவது அந்த நல்ல பக்கம்தான்.

1870 ஜூலைச் சட்டப்படி அந்த நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்பனைக்கு வந்தது. ஒசேஜ்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். அங்கே எண்ணெய் கிடைத்ததும், 1920களில் அதற்காக அவர்கள் கொல்லப்பட்டதும் 'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கல்ஸ் குடும்பமும் 1871இல் அந்த வீட்டை விட்டு விஸ்கான்சினுக்கே திரும்பியது. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டில் இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கொடுக்கலாம். கூடவே உட்கார்ந்து படியுங்கள். புல்லில் விழுந்த ஆணியைத் தேடுகிற இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். ஆணி யாருடையது என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்து, மரம் யாருடையது என்று கேளுங்கள்.