எல்லையைச் சொல்லும் கருவி

ஒரு கருவியை நெடுநாள் கையாள்பவன் அதன் இயல்புக்கேற்பத் தன் கையைப் பழக்கிக்கொள்கிறான். உளி பிடிப்பவனுக்கு இது தெரியும். மரத்தின் வைரம் எதிர்க்கும்போது அவன் கை அதை உணர்கிறது. கணினித் திரையில் வரைபவருக்கோ அத்தகைய எதிர்ப்பு எதுவும் இல்லை. பட்டியலில் உள்ள ஒன்றைத் தொட்டால் வேலை முடிகிறது. நாளடைவில், பட்டியலில் இல்லாதது அவர் எண்ணத்திலும் எழாமற் போய்விடுகிறது. ஓசையின்றி நடைபெறும் இந்த ஆளுகையைக் கேள்விக்குள்ளாக்கிய படைப்பொன்றை இங்கு நாம் எடுத்து நோக்குவோம்.

சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பாளர் யூர்க் லேனி, 2001ஆம் ஆண்டில் 'ஸ்கிரிப்டோகிராஃபர்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். வரைகலைஞர் பலரும் பயன்படுத்தும் அடோபி நிறுவனத்தின் 'இல்லஸ்ட்ரேட்டர்' என்னும் மென்பொருளோடு இணைந்து அது இயங்கியது. நிறுவனம் தந்த கருவிகளோடு நின்றுவிடாமல், வரைபவரே நிரல் எழுதித் தமக்கு வேண்டிய கருவியைச் செய்துகொள்ள அது வழிவகுத்தது. அடுத்த ஆண்டு, லோசான் நகரக் கலைக் கல்லூரியில் தம் படிப்பின் நிறைவுப் பணியாக, பொறியாளர் ஊலி ஃபிராங்கேயுடன் சேர்ந்து 'ஹெக்டர்' என்னும் வரைபொறியை லேனி அமைத்தார். சுவரின் மேற்பகுதியில் இரு புறமும் இரண்டு மோட்டார்கள், அவற்றிலிருந்து இறங்கும் பல் பட்டைகளில் தொங்கும் ஒரு ஸ்பிரே பெயிண்ட் டப்பா, மோட்டார்களை இயக்கும் மின்சுற்று, ஒரு மடிக்கணினி. பொறியின் பாகங்கள் அனைத்தும் ஒரு சூட்கேசுக்குள் அடங்கிவிடும்.

திரையில் ஒரு வட்டத்தை வண்ணத்தால் நிரப்ப ஒரு சொடுக்கு போதும். ஹெக்டருக்கு அது இயலாது. டப்பா அந்த வட்டம் முழுவதையும் கோடு கோடாகக் கடந்தாக வேண்டும். எவ்வழியே கடப்பது என்பதை முன்னரே வகுத்தாக வேண்டும். கூர்மையான மூலையில் சட்டென்று திரும்பினால் தொங்கும் டப்பா ஊசலாடும். ஆகவே வளைந்து திரும்பும் பாதை தேவைப்படுகிறது. வண்ணம் சுவரில் வழியவும் கூடும். திரையில் எடையற்றுத் தோன்றிய கோடு, சுவரில் எடையும் காலமும் உடையதாகிறது. ஒரு சொடுக்கு எத்தனை முடிவுகளை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

வரைகலைக்கு வெகு தொலைவில் உள்ள ஊடாடும் புனைகதையும் இவ்வுண்மையை வேறு விதமாக உணர்த்துகிறது. வில் கிரௌதர் 1970களின் நடுப்பகுதியில் எழுதி, டான் உட்ஸ் 1977இல் விரிவாக்கிய 'அட்வெஞ்சர்' இவ்வகைக்கு முன்னோடி. கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அக்கதையில் படங்கள் இல்லை. படிப்பவர் ஓரிரு சொற்களில் கட்டளை தட்டச்சு செய்து குகைக்குள் முன்னேறுகிறார். எதையும் செய்யலாம் என்ற சுதந்திர உணர்வு முதலில் எழுகிறது. அறியாத சொல்லொன்றைத் தட்டியதும், தனக்குப் புரியவில்லை என்று கதை விடையளிக்கிறது. இவ்விடையைக் குறைபாடு என்பாருண்டு. நாம் அதை நேர்மை என்போம். தன் எல்லை எது என்பதை அக்கருவி மறைக்கவில்லை.

லேனியின் முயற்சியிலும் குறை காண இடமுண்டு. ஹெக்டர் வரைவதைக் காண்போர், பொறியின் அசைவிலும் வழியும் வண்ணத்திலும் மயங்கி, அது எழுப்பும் கேள்வியை மறந்துவிடக் கூடும். மேலும், ஸ்கிரிப்டோகிராஃபர் பிறர் வீட்டில் குடியிருந்தது. 2012இல் வெளிவந்த இல்லஸ்ட்ரேட்டரின் புதிய பதிப்போடு அதனால் இயங்க முடியாமற் போயிற்று. பல்லாண்டு உழைப்பு அத்துடன் நின்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே லேனியும் ஜானதன் பக்கியும் வெளியிட்ட 'பேப்பர்.ஜேஎஸ்', இணைய உலாவியில் இயங்கும் திறந்த மென்பொருளாக அமைந்து, அப்பணியைத் தொடர்ந்தது. கருவியைக் கேள்வி கேட்பவரும் கருவியின் உரிமையாளரைச் சார்ந்தே நிற்க நேர்கிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இன்று ஒரு வாக்கியம் எழுதினால் படம் வரைந்து தரும் கருவிகள் வந்துவிட்டன. கேட்டது எதுவாயினும் ஏதோ ஒரு படம் வந்துசேர்கிறது. புரியவில்லை என்ற சொல் அவற்றிடமிருந்து எழுவது அரிது. எனவே எல்லை எங்கே என்று வினவும் பொறுப்பு முழுவதும் பயன்படுத்துவோராகிய நம்மையே சேர்கிறது. ஹெக்டர் சுவரில் ஒரு வட்டத்தை நிரப்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் சிறிதளவேனும், இக்கருவிகள் தருவதை ஏற்குமுன் நாம் செலவிடுகிறோமா?